இருநூறு மணி நேரம் ஓட விடுங்கள்

ஆகஸ்ட் 21, திங்கள்

உடுமலைப் பெண் மறுபடியும் கடிதம் போட்டிருக்கிறாள். பெயர் பூங்கோதை. பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளராம். போன மாதம் ஒன்று வந்தது, இன்று இரண்டாவது. நாலு பக்கம்.

விஷயம் இவ்வளவுதான். ஜூலை மாத 'ஒலிமேடை'யில், என் 'காதும் கருவியும்' பகுதியில், மேகராகா 60 என்ற ஆம்ப்ளிஃபயருக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தேன். 'பாட்டு நின்ற இடத்தில் பரிபூரண நிசப்தம்' என்று எழுதினேன். அதை நம்பி, கடையில் போட்டுக்கூடக் கேட்காமல், பெட்டியோடு வாங்கிப் போயிருக்கிறாள். வீட்டில் வைத்தால் 'கீ' என்று ஊசி மாதிரி ஒரு சத்தம் விடாமல் வருகிறதாம். முதல் கடிதத்துக்கே மரியாதையாகப் பதில் போட்டேன்: ஆம்ப் புதுசு அம்மா, இருநூறு மணி நேரம் ஓட விடுங்கள், தானாகப் பழகிவிடும். எங்கள் கூட்டத்தில் இது பாலபாடம். எந்த ஆம்பும் பெட்டியைப் பிரித்த அன்றே ஒழுங்காகப் பாடாது.

இப்போது எழுதுகிறாள்: 'இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஓட்டிவிட்டேன் ஐயா. சத்தம் அப்படியே இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே கேட்டுப் பார்த்துத்தான் எழுதினீர்களா?'

யாரைப் பார்த்து என்ன கேள்வி! பஞ்சாலையில் முப்பத்தோரு வருடம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவன் நான். கூடம் முழுக்க மிஷின் அலறும்போது, எந்த வரிசையில் எந்த பேரிங் தேய்கிறது என்று வாசலில் நின்றே சொன்னவன். இரண்டாம் பக்கத்தோடு கடிதத்தை மடித்து அலமாரியில் எறிந்துவிட்டேன். மீதியையும் படித்தால் ரத்தக் கொதிப்புதான் ஏறும்.

வீட்டுக்காரி சுலோச்சனா ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது, மூணு விசில் வந்தால் அடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனாள். விசிலே வரவில்லை. பருப்பு கரிக்கட்டை. வெயிட் பழுது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

குக்கருக்குப் புது வெயிட் வாங்கிப் போட்டேன். இதுவும் சரியில்லை. இந்தக் காலத்தில் எவனும் எதையும் உருப்படியாகச் செய்வதில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

அக்டோபர் இதழுக்காக ஒரு ட்யூப் ஆம்ப் வந்திருக்கிறது. காலையிலிருந்து கேட்டேன். சுலோச்சனா முன்னறையில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், "எப்படிப் புள்ள இருக்குது?" என்றேன்.

"பரவால்லீங். அந்தம்மா கொரலு மேலாப்புல எடுத்த ரசமாட்ட தெளிவா இருக்குது. மிருதங்கம் மட்டும் ஈரத்துணிய அடிக்கறாப்பல தொப்பு தொப்புங்குது."

அவளுக்கு ஆம்பைப் பற்றி என்ன தெரியும்! மதியம் உட்கார்ந்து ஒரே மூச்சில் விமர்சனத்தை எழுதி முடித்தேன். 'மேலாக எடுத்த ரசம் போன்ற குரல் தெளிவு; ஆனால் மிருதங்கத்தின் இடந்தலை, ஈரத்துணியை அடித்தாற்போல் சோர்ந்து விழுகிறது.' நன்றாக வந்திருக்கிறது. என் பக்கத்தை வாசகர்கள் தேடிப் படிப்பதே இந்த மாதிரி உவமைகளுக்காகத்தான் என்று ஆசிரியர் தேவசகாயம் அடிக்கடி சொல்வார்.

ஆகஸ்ட் 28, திங்கள்

தேவசகாயம் போன் செய்தார். பூங்கோதை நேரிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டாளாம்.

"உடுமலையிலிருந்து பஸ்ஸுல, ஆம்பை மடியில வெச்சுக் கொண்டுவந்திருக்காங்க நஞ்சப்பன் சார்."

"சரி, போட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். இங்க ஏசி சத்தம், ரோட்டுல பஸ் சத்தம். இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேகராகா கம்பெனிக்காரங்க ஜூலையிலிருந்து நமக்குப் பின்னட்டை விளம்பரம் குடுக்கறாங்க. உங்க விமர்சனமும் ஜூலையிலதான் வந்துச்சு. நம்ம கேட்போர் வட்டத்துல ரெண்டு பேர் ஒரு மாதிரியாப் பேசறாங்க."

ஒன்பது வருடமாக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்! ஒரு கம்பெனியிடம் ஒரு காபி வாங்கிக் குடித்தது உண்டா? விளம்பரம் வந்ததே எனக்கு இன்றுதான் தெரியும்.

வரும் மாதம் மூன்றாம் ஞாயிறு, 17ஆம் தேதி, கேட்போர் வட்டக் கூட்டத்தில் திரைப் பரீட்சை வைக்கலாம் என்கிறார். கறுப்புத் திரைக்குப் பின்னால் மேகராகாவும், சத்தமே இல்லாத ஒரு பழைய ஆம்பும் இருக்கும். ஆறு முறை மாற்றி மாற்றிப் போடுவார்கள். எது ஓடுகிறது என்று ஆறு முறையும் நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் என் காது மேல் ஒருவன் வாய் திறக்க முடியாது. தவறினால், 'பக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம் சார்.'

வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, புதன்

பூங்கோதையின் மேகராகாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள். என் ஸ்பீக்கரில் மாட்டினேன். பாட்டு போடாமல், சத்தத்தை முக்கால்வாசி திருகி வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்தேன். பரிபூரண நிசப்தம். நான் எழுதினது எழுதினதுதான்.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுலோச்சனா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, அந்தச் சனியன நிறுத்துங்க! கொசு காதுக்குள்ள பூந்தாப்பல கொடையுது."

"என்ன கொடையுது? ஒண்ணுமே ஓடலை."

"ஓடாததுக்கே இந்தச் சத்தமா?"

கத்திவிட்டேன். உனக்கு ரத்தம் குறைச்சல், அதுதான் காதில் இரைச்சல், டானிக் சாப்பிடு என்றேன். அவள் ஸ்விட்சை அணைத்துவிட்டு, என் முகத்தையே சித்த நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த வருடம் சாயங்காலத்தில் சில்வண்டுச் சத்தமே இல்லை. மழை குறைவு.

செப்டம்பர் 3, ஞாயிறு

போனில் ஒரு ஆப் இறக்கினேன். நாம் சொல்கிற அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும். ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் எல்லாம் மணி மணியாகக் கேட்டது. மூவாயிரத்துக்கு மேல் போன் சத்தம் எழுப்பவில்லை. மலிவுப் போன்.

பக்கத்து வீட்டு நாய் குரைத்துத் தள்ளியது. "யாருங்க அது விசிலடிக்கறது?" என்று சுலோச்சனா சமையலறையிலிருந்து கேட்டாள்.

போனை அணைத்து வைத்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. ரவா உப்புமா.

செப்டம்பர் 6, புதன்

ஒவ்வொரு ஆம்ப் வரும்போதும் குறிப்பு எழுதி வைக்கிற நோட்டுகளை எல்லாம் இறக்கினேன். பரீட்சைக்கு முன்னால் என் காதின் சரித்திரத்தை நானே ஒரு முறை பார்த்துவிடலாம் என்றுதான்.

'தாழம்பூ மடல் மாதிரி வழுவழுப்பு.' அன்றைக்குச் சுலோச்சனா தலை பின்னிக்கொண்டிருந்தாள். 'வயலின், பல்லில் மண் நெரிபட்டாற்போல்.' இது கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. 'கூட்டத்தில் ஒருவர் மட்டும் மூக்கடைத்துப் பாடுவது போல்.' இது அவள் சொன்னதா, நான் சொன்னதா? அவள்தான். அவளுக்கே ஜலதோஷம் அன்றைக்கு.

மூன்று நோட்டுகளைப் புரட்டினேன். ஆரம்ப வருடங்களில் எழுதியது என் வார்த்தைதான். அதெல்லாம் இரும்பும் எண்ணெயும் பேரிங்குமாக இருக்கிறது. பிறகு எப்போதோ சமையல்கட்டு வந்துவிட்டது.

மே, ஜூன் இரண்டு மாதமும் அவள் ஓசூரில் இருந்தாள், மகள் கவிதாவின் பிரசவத்துக்காக. மேகராகா வந்தது ஜூனில். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் விமர்சனத்தைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறேன். நாலரை நட்சத்திரம். 'பரிபூரண நிசப்தம்' என்பதற்கு அடியில் பென்சில் கோடு.

அந்த விமர்சனம் என் கணிப்போடு ஒத்துப்போனது. அவ்வளவுதான்.

படித்துவிட்டுத்தான் கணித்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

செப்டம்பர் 9, சனி

சாப்பிட்டு முடித்ததும் மெல்ல ஆரம்பித்தேன். "17ஆம் தேதி நீயும் வா புள்ள. எனக்கு எதிரிலே உட்காரு. அந்தக் கொசுச் சத்தம் வந்தா முந்தானையை இழுத்து விட்டுக்கோ. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எதுக்குங்க?"

"சும்மாதான். ஒரு ஒத்தாசைக்கு."

"உங்களுக்குத்தான் கேக்கறதில்லையே. அதுக்கா?"

அவளே சொன்னாள். "நாலஞ்சு வருசமாவே கேக்கறதில்லீங்க. குக்கரு, காலிங் பெல்லு, கவிதா போன்ல பேசறது. மில்லுல காதைக் குடுத்துட்டு வந்துட்டீங்க. சொன்னா மனசு ஒடஞ்சு போவீங்கன்னு, நீங்க 'எப்படி இருக்குது'ன்னு கேக்கறப்பெல்லாம் பதில் சொல்லிட்டு இருந்தேன். அதை எழுதறீங்க, பேரு வாங்கறீங்க, எனக்கும் சந்தோசந்தான். ஆனா நாலு பேரு முன்னால சைகை காட்டிப் பொய் சொல்ல என்னால ஆகாது."

"ஒன்பது வருஷப் பேரு புள்ள."

"அந்தப் புள்ள உங்க பேரை நம்பித்தானுங்க வாங்குச்சு?"

தட்டைக் கழுவப் போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 11, திங்கள்

அவளோடு பேசவில்லை. இரண்டு நாளாக.

செப்டம்பர் 14, வியாழன்

கடிதம் எழுதி உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். போகாவிட்டால் விளம்பரத்துக்கு விலை போனவன் என்று ஆகும். போனால் செவிடன் என்று ஆகும். பயமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

வந்தவுடன் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

சுலோச்சனாவும் வந்தாள். "சைகைக்கு வரலை. நீங்க தனியாப் போறது பொறுக்காம வர்றேன்" என்றாள். வட்டத்துக்காரர்களுக்கு ஒரு தூக்கு நிறைய வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு. ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். பூங்கோதைக்கு முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்த மாதிரி சண்டைக்காரி இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

நடுவில் எனக்கு ஒரு நாற்காலி. சுலோச்சனா எங்கேயோ ஓரமாகப் போகப் பார்த்தாள். தேவசகாயம்தான், "அம்மா, இங்க ஃபேன் இருக்கு" என்று இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். எனக்கு நேர் எதிரில்.

ராஜாமணி என்ற உறுப்பினர் திரைக்குப் பின்னால் போனார். முதல் சுற்று. வீணை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். வீணை நின்றது. நான் சத்தியமாக வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் தானாகப் போயிற்று. சுலோச்சனா தூக்கின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் சாதாரணமாக இருந்தது.

"பழசு," என்றேன்.

"சரி!" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

இரண்டாவது சுற்று. பாட்டு நின்ற இடத்தில் அவள் நெற்றி சுருங்கியது. இடது கண் ஓரம் ஒரு துடிப்பு. அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையைத் தொடவில்லை. சைகை காட்டக் கூடாது என்று கை இரண்டையும் மடியில் இறுக்கிக் கோத்து வைத்திருந்தாள். ஆனால் நெற்றியை என்ன செய்வாள்? முப்பத்தாறு வருடமாக நான் பார்க்கிற நெற்றி.

"மேகராகா."

"சரி!"

மூன்று, நாலு, ஐந்து. ஆறாவதும் சரி. கைதட்டினார்கள். தேவசகாயம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "காதா சார் இது!" என்றார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எனக்கே அது என் காது என்று தோன்றிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

கைதட்டல் அடங்கியதும் பூங்கோதை எழுந்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க."

"கேளும்மா."

"அப்ப உங்களுக்கு அந்தச் சத்தம் நல்லாவே கேக்குதுங்க. பாட்டு நின்னவுடனே சொல்லிட்டீங்க. அவ்வளவு நல்லாக் கேட்டும், நிசப்தம்னு ஏனுங்க சார் எழுதினீங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. இருபது நாளாக ஜெயிப்பதைப் பற்றியே நினைத்தேன். ஜெயித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே இல்லை. மேஜை மேல் ஜூலை இதழ் கிடந்தது. தேவசகாயம் அதன் பின்னட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குலுக்கிய கையை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தப் பெண் ஃபைலைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க போட்ட பதிலைப் படிச்சுட்டு, இருநூறு மணி நேரம் ஓட்டினேன். அப்பவும் கேட்டுச்சு. இவ்வளவு பெரியவரு இல்லைங்கறாரு, வெளிநாட்டுப் பத்திரிகைலயும் இல்லைன்னு போட்டிருக்குதுன்னா, என்ர காதுதான் கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன் சார். காது டாக்டர்கிட்டப் போனேன். எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. ஒரு கொறையும் இல்லைன்னுட்டாங்க. லெட்டர்ல மூணாம் பக்கத்துல எழுதியிருந்தேனே?"

நான் படிக்காத பக்கம்.

காகிதத்தைக் கையில் கொடுத்தாள். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு, கடைசி வரை நேராகப் போயிருந்தது. தன் காதைவிட என் எழுத்தை நம்பி, நல்ல காதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். போக வேண்டியவன் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டும் மறைத்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படியானால் காது பிழைக்கும். எதிரே பார்த்தேன். சுலோச்சனா முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேட்கலைம்மா," என்றேன். "ஜூன்லயும் கேட்கலை. இப்பவும் கேட்கலை."

"ஆறும் சரியாச் சொன்னீங்களே சார்?" என்றார் தேவசகாயம்.

"இவ நெத்தியைப் பாத்துச் சொன்னேன். இவளுக்குத் தெரியாது. சத்தம் வந்தா இவளுக்கு நெத்தி சுருங்கும். விமர்சனம் எழுதறதும் அப்படித்தான். இவ சொல்றதை எழுதுவேன். ஜூன்ல இவ ஊர்ல இல்லை. அதனால பத்திரிகையைப் பார்த்து எழுதினேன்."

ஒப்புட்டை ஒருவரும் தொடவில்லை. தூக்கை அப்படியே திரும்பக் கொண்டுவந்தோம்.

செப்டம்பர் 18, திங்கள்

திட்டு விழுந்தது. "வேணும்னே சைகை காட்ட வந்தவன்னு தானுங்க என்னை நெனைச்சிருப்பாங்க? என்ர மூஞ்சியத் திருடிப் பரீட்சை எழுதிப்போட்டீங்க!"

நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். மத்தியானம் வரை பேசவில்லை. பிறகு மிஞ்சின ஒப்புட்டைச் சுட வைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

செப்டம்பர் 21, வியாழன்

கடைசிக் கட்டுரையை அனுப்பினேன். ஒன்பது வருடத்தில் இதுதான் சின்னது. முழுவதும் இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'ஜூலை இதழில் மேகராகா 60 பற்றி நான் எழுதியதை அடித்துவிடுங்கள். அந்த ஆம்பை நான் கேட்கவில்லை, படித்தேன். இனி யார் எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும், கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, உங்கள் வீட்டில், உங்கள் ஸ்பீக்கரில், வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். முதல் நாள் உறுத்துவது இருநூறு மணி நேரத்துக்குப் பிறகும் உறுத்தும். உடுமலை பூங்கோதையின் காது சரியாக இருக்கிறது.'

தேவசகாயம் கம்பெனிக்கு எழுதி அந்தப் பெண்ணுக்கு வேறு ஆம்ப் வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். பிறகு சுலோச்சனாவிடம் பேச வேண்டும் என்றார். பக்கத்தை அவள் பெயரில் தொடரலாமாம். "எனக்கு வேற வேலை இல்லீங்களாக்கும்!" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டாள். சாயங்காலம் அவளாகவே கேட்டாள்: "அப்படி எழுதறதா இருந்தா நட்சத்திரமெல்லாம் போட்டே ஆகணுங்களா?"

செப்டம்பர் 25, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வெளியே மிஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி சுலோச்சனாவுக்கு.

ஆரம்பத்தில் அழுத்தினேன். பிறகு ஒன்றும் இல்லை. மிஷின்காரப் பெண்ணின் கை மட்டும் திருகிக்கொண்டே இருந்தது. சத்தம் வருகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. கட்டைவிரல் வியர்த்துவிட்டது. என்னை அறியாமல் கண்ணாடி வழியாகச் சுலோச்சனாவின் முகத்தைத் தேடினேன்.

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பொத்தானை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.